வேலிக்கு வெளியே வைத்த படையல்

புதிதாகக் கறுப்பு அங்கி தைத்துக்கொண்டு இத்தொழிலுக்குள் வந்திருக்கும் நீங்கள், என்னைப் பேச அழைக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: வரலாற்றில் இடம்பெற்ற வழக்கு எதிலாவது வாதாடியிருக்கிறீர்களா? இல்லை. அத்தகைய வழக்குகளை உங்கள் வயதில் நானும் ஆசையோடு படித்தேன். ஓயாமல் கேள்வி கேட்டதற்காகக் கிரேக்கக் கிழவர் ஒருவருக்கு நஞ்சு கொடுத்த வழக்கு, பூமி சுற்றுகிறது என்று சொன்னவரை மண்டியிட வைத்த விசாரணை, அரசனையே கூண்டில் நிறுத்தித் தலையை வாங்கிய தீர்ப்பு. மூன்றுக்கும் உள்ள ஒற்றுமையைப் பட்டம் பெற்ற பிறகுதான் கவனித்தேன். மூன்றிலும் குற்றம் சாட்டப்பட்டவர் தோற்றுப்போனார். வழக்கு புகழ்பெறுவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆகவே, உங்கள் கட்சிக்காரர் வரலாற்றில் இடம்பெறாமல் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தால், அன்று உங்கள் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள்.

அப்படி எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஒரு வழக்கைச் சொல்கிறேன். இடம் மலாயாவின் கேமரன் மலை. காலம், வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் வந்த அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கிகளோடு இருந்தார்கள். காட்டுக்கு வெளியே அரசாங்கம் சட்டங்களோடு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தேயிலை இருந்தது. அதைக் கிள்ளுவதற்கு நம்மவர்கள் இருந்தார்கள்.

காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டால் அவர்கள் தாமாக இறங்கி வருவார்கள் என்பது அரசாங்கத்தின் எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை, பட்டினியை முதலில் யாரிடம் தொடங்குவது என்பதில்தான் சற்று அவசரப்பட்டுவிட்டார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. லயங்களின் எல்லைக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் வாசலில் சோதனைக்கு நின்று, வெறுங்கையோடு மலையேறி, பசியோடு திரும்பினார்கள். மலை ஊரான தானா ராத்தாவில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர், டின் மீன் விற்றால் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடுமாம். பல நேரங்களில் அது லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே கெட்டது.

மீறினால் ஆண்டுக்கணக்கில் சிறை. இந்தியாவில் பிறந்தவரென்றால் சிறைக்குப் பிறகு கப்பல். விசாரணையே இல்லாமல் காவலில் வைக்கும் அதிகாரமும் போலீசுக்கு இருந்தது. எனவே ஒருவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், அது அவருக்குக் காட்டிய தனி மரியாதை.

அந்த மரியாதை ஒருநாள் அஞ்சலை என்ற கொழுந்துக்காரிக்குக் கிடைத்தது. நாற்பதைக் கடந்தவர், கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து வந்தவர், கணவர் இல்லை. ஒரே மகள் பிரசவத்தில் மிகவும் சிரமப்பட்டபோது, முனியாண்டிக்குப் படையல் போடுவதாக நேர்ந்துகொண்டார். ஆண் குழந்தை பிறந்தது; தாயும் பிழைத்தாள். இனிச் சாமிக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். அதிலொரு சிக்கல். வேலி போட்டவர்கள் லயங்களை உள்ளே வைத்தார்கள், மாரியம்மன் கோயிலை உள்ளே வைத்தார்கள், கள்ளுக்கடையை மிகுந்த கவனத்தோடு உள்ளே வைத்தார்கள். காட்டோர மரத்தடியில் சூலமும் கல்லுமாக நின்ற முனியாண்டியை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். கடைசி லயத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் சட்டப்படி அது வேறு உலகம்.

அஞ்சலை, பொழுது சாயும் வேளையில், நாய்கள் புகுந்து வரும் இடைவெளி வழியாகப் போய்ப் படையலை வைத்துவிட்டு வந்தார். இலையில் சோறு, கோழிக்கறி, சுருட்டு, பக்கத்தில் ஒரு விஸ்கி போத்தல். காவல் தெய்வத்துக்குப் படைப்பதில் ஒரு முறை உண்டு: வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை ரோந்து வந்த காவலர்கள் பார்த்தார்கள். இலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. போத்தல் காலி.

இன்ஸ்பெக்டர் லயத்துக்கே வந்து, இதை வைத்தது யார் என்று கேட்டார். அஞ்சலை முன்னால் வந்தார்.

"நான்தான் வச்சேன். ஏன், சாமி எதுவும் கொறை சொல்லுச்சா?"

இன்ஸ்பெக்டர் பாலஸ்தீனத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆங்கிலேயர். அங்கே ஒரு மக்களைப் புரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டு, இங்கே வேறொரு மக்களைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக வந்திருந்தார். ஆனால் விஸ்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. கொழுந்துக்காரியின் கூலியில் அந்தப் போத்தலின் மூடியைக்கூட வாங்க முடியாது. அப்படியானால் பணம் படைத்த யாரோ ஒருவர், இந்தப் பெண்ணின் கையால், காட்டுக்காரர்களுக்கு விருந்து அனுப்புகிறார். அந்த ஆள் யார்? இந்தக் கேள்வியை நான்கு விதமாகக் கேட்டும் அஞ்சலை பதில் சொல்லவில்லை. சொல்லாததால் இன்ஸ்பெக்டரின் ஐயம் உறுதியானது.

அப்போது ஈப்போ நகரில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் நான் பயிற்சி முடித்து, அவரோடே பணியாற்றிக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளர்கள் வழக்கோடு வந்தபோது அவர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்; தயங்காமல் என்னை அனுப்பினார்.

"மலைக்கு ஏறுற தாப்பா ரோட்டு வளைவுகள்ல சுடறாங்கய்யா. உங்க வயசுல எனக்கும் பயம் கிடையாது. அதனால நீங்க போங்க."

கூடவே ஆலோசனையும் தந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஏழை, அறியாதவள், கைக்குழந்தை இருக்கும் வீடு என்று சொல்ல வேண்டும். முடிந்தால் கட்சிக்காரரை அழ வைக்க வேண்டும். இரக்கப்பட்டுத் தண்டனையைக் குறைப்பார்கள். சமூகத்தைத் திருத்தவே சட்டம் படித்ததாக அப்போது நம்பிக்கொண்டிருந்த எனக்கு இது கசந்தது. வழிபாட்டுரிமை குறித்து நீண்ட உரை ஒன்றை மனத்துக்குள் தயாரித்துக்கொண்டு, காய்கறி இறக்கிவிட்டு மலைமேலுள்ள திரிங்காப்புக்குத் திரும்பும் லோரி ஒன்றில், இராணுவ வண்டிகளுக்கு நடுவே மலையேறினேன். அந்த உரை பிறகு எங்கும் பயன்படவில்லை. உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன், கறைபடாமல் இருக்கிறது.

தானா ராத்தா காவல் நிலையத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற பெரிய வக்கீலு யாரும் கெடைக்கலியா?"

"அவர் வருவதற்கில்லை, அம்மா. படையலைச் சாப்பிட்டது யார்?"

"சாமி."

"நாய் தின்றிருக்கலாம். குரங்கு தின்றிருக்கலாம். தெரியாது என்று சொன்னாலே போதுமே."

"நீங்க சாப்ட்ட எலயக் காட்டி நாய் தின்னுச்சுன்னு சொன்னா ஒங்களுக்கு எப்புடி இருக்கும்? அவரு காத்துக் கருப்ப அடக்குறவரு லா. நான் கோர்ட்ல போயி அவர நாயின்னு சொல்லணுமா?"

அழும் யோசனையையும் தயக்கத்தோடு சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்கு அழுவுறது? பேரன் பொறந்திருக்கான்."

கடைசியாகப் போத்தலைப் பற்றிக் கேட்டேன். அஞ்சலை கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தொர வூட்டு போத்தலு."

விளக்கம் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துத் துரையின் காரை வளைவில் மறித்துச் சுட்டதிலிருந்து, அஞ்சலையின் தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைக்குத் தூக்கம் போய்விட்டதாம். அந்த வளைவுக்குக் காவல் முனியாண்டிதான் என்று அவருடைய டிரைவர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து யார் படையல் போட்டாலும், துரை வீட்டிலிருந்து டிரைவர் கையில் ஒரு போத்தல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை தேவாலயத்துக்கும் தவறாமல் போய்வந்தார். உயிர்க் காப்புறுதியை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது விவேகமில்லை என்பதை வணிகம் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

"இதை நீதிமன்றத்தில் சொன்னால் நீங்கள் வெளியே வந்துவிடலாமே" என்றேன்.

"சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது. ஒருத்தரு நேந்துகிட்டத அடுத்தவங்க வாயால அவுத்துவிட்டா சாமிக்கும் ஆவாது, தொரைக்கும் ஆவாது. ரெண்டு பேருல எவரு கோச்சிக்கிட்டாலும் என் மவ கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போவா? லயம் தொரயோடதுதான?"

வழக்கு நடந்த காலையில் நல்ல மழை. நீதிமன்றம் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. மழை வலுக்கும்போதெல்லாம் நீதி சிறிது நேரம் நின்று, மழை தணிந்ததும் தொடரும். மாஜிஸ்திரேட் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். அவருக்குக் கீழே, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முதியவரான மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பெயர்ப்பவர் என்று மலை முழுவதும் பேர் வாங்கியவர். மேசைமேல் சாட்சிப் பொருள்களாகக் காய்ந்த வாழையிலை ஒன்றும் காலிப் போத்தலும் இருந்தன.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று அஞ்சலையைக் கேட்டார்கள்.

"படையல் வச்சேன். குத்தம் ஒண்ணும் வக்கில."

யாருக்கு வைத்தாய் என்றார் மாஜிஸ்திரேட். முனியாண்டிக்கு என்று பதில் வந்தது. வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் எழுந்து, அந்த முனியாண்டி என்ற நபர் இப்போது எங்கிருக்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் சலனமில்லாமல் கேள்வியைத் தமிழாக்கினார்.

"எங்கியும் இருப்பாரு" என்றார் அஞ்சலை. "ஒங்க பின்னாலகூட நிப்பாரு."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததைப் பதிவில் யாரும் எழுதவில்லை.

அவன் சாப்பிட்டதை நீ பார்த்தாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்றார் அஞ்சலை. அறையில் இருந்த நம்மவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். மாஜிஸ்திரேட்டின் முகம் இறுகியதை நான் கண்டேன். வைத்தவள் பார்க்கவில்லை, வந்தவனை யாருக்கும் தெரியாது, கேட்டால் பார்க்கக்கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பக்தியின் ஒழுங்கும் சதிகாரர்களின் ஒழுங்கும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அவர் நிலையில் நானிருந்தாலும் ஐயுற்றிருப்பேன்.

அடுத்து அரசுத் தரப்புச் சாட்சியாக வந்தவர் துரை. உணவுத் தடை உத்தரவைக் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குக் கூடும் நேரத்தில், தாமே படித்துச் சொன்னதாகச் சாட்சியளித்தார். இன்ஸ்பெக்டர் போத்தலைக் காட்டி, கொழுந்து கிள்ளும் பெண் இதை வாங்கக்கூடுமா என்று கேட்டார்.

"முடியாது" என்றார் துரை, ஜன்னலைப் பார்த்தபடி.

வேறு யார் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

"ஊகம் செய்வது என் வேலையில்லை."

கூண்டில் நின்றிருந்த அஞ்சலையை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. போத்தலையும் பார்க்கவில்லை. இரண்டையும் பார்க்காமலிருக்க அந்தச் சிறிய அறையில் அவர் கழுத்தை மிகவும் திருப்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அந்த அறையில் மிகவும் பயந்துபோயிருந்தவர் குற்றவாளிக் கூண்டில் இல்லை.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். இனி நான் சொல்வதைக் கவனியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறேன். என் கையில் உண்மை இருந்தது. கேள்வி ஒன்று போதும்: இது உங்கள் வீட்டுப் போத்தல்தானே? அவர் இல்லை என்று சொன்னால் கதை முடிந்தது. துரையின் மறுப்புக்கு எதிராகக் கொழுந்துக்காரியின் சொல் எவ்வளவு எடை பெறும் என்பதை நீங்களே அறிவீர்கள். ஆம் என்று சொன்னால் அதைவிட மோசம். காட்டுக்கு உணவு போனது உண்மையாகி, அவருக்குப் பக்கத்தில் அஞ்சலையும் நிற்பார். அவரைக் கப்பலில் மரியாதையாக அனுப்புவார்கள். அஞ்சலையை வேறு கப்பலில் அனுப்புவார்கள். மகளும் பேரனும் லயத்தை இழப்பார்கள். உண்மை வெளிவரும், உண்மையைத் தவிர வேறு யாரும் வெளியே வரமாட்டார்கள். அதோடு, சொல்லக்கூடாது என்று என் கட்சிக்காரர் கட்டளை இட்டிருந்தார். படிக்காதவர்களின் கட்டளையை நலன் கருதி மீறலாம் என்ற எண்ணம் படித்தவர்களுக்கு அடிக்கடி வரும். வந்தால் தண்ணீர் குடியுங்கள்.

நான் மேசையிலிருந்த போத்தலை எடுத்தேன். மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு அதைச் சாட்சிக் கூண்டின் விளிம்பில், துரையின் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தப் போத்தலைப் பற்றித் தங்களிடம் சில கேள்விகள் கேட்கவிருக்கிறேன்" என்றேன். "அதற்கு முன்பு நிலத்தைப் பற்றி ஓரிரு கேள்விகள். லயங்களின் எல்லை எது என்று முடிவு செய்தவர் யார்?"

"நான்" என்றார் துரை. "காவல்துறை ஒப்புதல் தந்தது."

"அந்த மரம் நிற்கும் மூலையில், வேலியும் எல்லையும் ஒன்றா? அல்லது எல்லை சற்று அப்பால் இருக்க, வேறு காரணத்தால் வேலி உள்வாங்கிப் போடப்பட்டதா? நன்றாக நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அவசரமில்லை."

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. துரை முதன்முறையாகப் போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முட்டாளாக இருந்திருந்தால் நான் இன்று உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

"இப்போது நினைவு வருகிறது" என்றார். "எல்லை, மரத்துக்கு அப்பால் உள்ள ஓடை. அந்த மூலையில் கம்பி போதவில்லை. வேலியை இழுத்துப் போடச் சொன்னேன். தற்காலிகமாகத்தான்."

"அப்படியானால் அந்த மரம் எல்லைக்கு உள்ளே இருக்கிறது?"

"ஐயமில்லை."

"உள்ளேயிருந்து உள்ளேயே சோற்றை எடுத்துச் செல்வதைத் தடைசெய்து ஏதும் படித்தீர்களா?"

"இல்லை."

"நன்றி. போத்தலைப் பற்றி நான் கேட்க நினைத்த கேள்விகளுக்கு இனி அவசியமில்லை" என்று சொல்லி, அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். ஒப்புதல் தருவதற்கு முன் அந்த மூலையைத் தாங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று மாஜிஸ்திரேட் அவரைக் கேட்டார். அது காடு, ஐயா, என்றார் இன்ஸ்பெக்டர். மாஜிஸ்திரேட் ஒருமுறை தும்மிவிட்டு, எல்லை தாண்டியதற்கு ஆதாரமில்லை என்று அஞ்சலையை விடுவித்தார்.

இதற்குப் பெயர் மிரட்டல் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. சாட்சியிடம் நிலத்தைப் பற்றிக் கேட்டேன், அவர் பதில் சொன்னார். ஓடைவரை எல்லை என்பது உண்மையா என்று பிறகு யாரும் அளந்து பார்க்கவில்லை. நான் செய்தது சரியா என்பதை எடைபோட எனக்குப் பல ஆண்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் தராசின் ஒரு தட்டில் என் மனச்சான்றை வைக்கிறேன். மறு தட்டில் கைக்குழந்தை ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சாட்சியைச் சாய்ப்பதற்கான கேள்வி உங்களுக்கு எளிதில் கிடைக்கும். அவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு வாசலைத் திறந்து, அந்த வாசலில் உங்கள் கட்சிக்காரரை நிறுத்துவதுதான் கடினம்.

ஆனால் தீர்ப்போடு வழக்கு முடிந்துவிட்டதாக நினைப்பது அமைதிக்காலத்துப் பழக்கம். படிக்கட்டில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். நீதிமன்றம் விடுவித்தவரை அதே படிக்கட்டில் வைத்து, விசாரணையில்லாக் காவலில் எடுக்க அவரால் முடியும். அப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. இரண்டு காவலர்கள் அஞ்சலைக்கு முன்னால் வந்து நின்றார்கள். என் சட்ட அறிவு முழுவதும் அந்தக் கணத்தில் ஓட்டை போட்ட டின் மீனைப் போல் ஆகிவிட்டது.

துரை பின்னாலிருந்து இறங்கி வந்தார்.

"இந்தப் பெண்ணை நீங்கள் எடுத்துக்கொண்டால் என் மலையில் கொழுந்து முற்றிவிடும்" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "கம்பெனிக்கு நான் காரணம் எழுத வேண்டியிருக்கும். உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும்?" பிறகு தோட்டத்துத் துரைமார்கள் எல்லோரும் கற்று வைத்திருந்த தமிழில், "அஞ்சலே, லோரிலே ஏறு. நாளெக்கி வேலெ இருக்கு" என்றார்.

இன்ஸ்பெக்டர் தயங்கினார். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அஞ்சலை என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும் குரலில், முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"வக்கீலு அய்யா, நான் வெளிய வந்தா ரெண்டு கோழி வக்கிறேன்னு அவருகிட்ட சொல்லியிருந்தேன். வர்ற வெள்ளிக்கிழம வச்சிடுறேன். இந்தத் தடவ சோறும் கூடுதலா வக்கணும்."

துரை வானத்தைப் பார்த்து, மழை விடும் போலிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவள் என்ன சொல்கிறாள்?" என்று இன்ஸ்பெக்டர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்.

மலை முழுவதும் பேர் வாங்கிய அந்த முதியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தோட்டத்து விதிகளை இனி என்றும் மறக்கமாட்டேன் என்கிறாள், ஐயா. தங்களுடைய பெருந்தன்மைக்கு நன்றி சொல்கிறாள்."

"இவ்வளவு நீளமாகவா?"

"நன்றியை நாங்கள் நீளமாகத்தான் சொல்வோம், ஐயா."

இன்ஸ்பெக்டர் காவலர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் விலகினார்கள். அஞ்சலை லோரியில் ஏறினார்.